அல்ஃபிக்ஹுல் அக்பரில் தொழுகைச் சட்டம் ஏன் இல்லை?

சகோதரரே, ‘அல்ஃபிக்ஹுல் அக்பர்’ வாங்கினால் தொழுகைச் சட்டமே இல்லை, முழுக்க ஈமானும் (இறைநம்பிக்கையும்) இறைப்பண்புகளும்தான், நூல் மாறிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். சரியான நூல்தான். இமாம் அபூ ஹனீஃபா (மறைவு 767) பெயரால் வழங்குவது அது. இன்று ஃபிக்ஹ் என்றால் மார்க்கச் சட்டம்; அன்று மார்க்கத்தையே ஆழ்ந்து விளங்குவது. கொள்கைதான் அதில் தலையாயது, ‘அக்பர்’ (மிகப் பெரியது) என்றதும் அதனால்தான். திருக்குர்ஆன் 9:122 பேசும் மார்க்க விளக்கமும் இந்த விரிந்த பொருளில்தான்.

பிறகு சட்டம் தனித்துறையாக வளர, ஃபிக்ஹ் என்ற சொல் அதற்குள் சுருங்கியது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’ நூலின் முதல் பகுதியிலேயே இதற்காக வருந்துகிறார்: தலாக், வாடகைச் சட்ட நுணுக்கங்களிலேயே மூழ்கினால் இறையச்சம் வராது, உள்ளம்தான் இறுகும் என்கிறார். அந்தப் பக்கங்களை அவசியம் படியுங்கள்.

உங்களுக்கு வேண்டிய தொழுகைச் சட்டம் இமாம் அபூ ஹனீஃபா வழிவந்த ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பிரிவின்) ‘குதூரி’ என்ற நூலில் கிடைக்கும்.