களை என்று பிடுங்கியதைச் சமைக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொட்டிகளில் மழைக்குப் பிறகு தானாக முளைப்பதையெல்லாம் இதுவரை பிடுங்கி எறிந்துகொண்டிருந்தேன். அதில் தடித்த இலையோடு படர்கிற ஒன்றைப் பருப்புக்கீரை என்று கைபேசிச் செயலி காட்டுகிறது. அதே தொட்டியில் அதைப் போலவே இன்னொன்றும் படர்ந்திருக்கிறது. செயலியை நம்பிப் பறிக்கலாமா? சமைத்தால் கொழகொழவென்று ஆகிவிடும் என்கிறாள் தோழி. உண்மையா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

பருப்புக்கீரையைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் இந்த வாரம் பறிக்க வேண்டாம். 'இன்னொன்றும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை.

இரண்டிலும் ஒரு தண்டைக் கிள்ளிப் பாருங்கள். பருப்புக்கீரையின் தண்டு சதைப்பற்றோடு வழவழவென்று இருக்கும், பட்டென்று ஒடியும், நிறமில்லாத நீர்தான் கசியும். வெள்ளையாகப் பால் துளிர்த்தால் அது சித்திரப்பாலாடை போன்ற பால்செடி வகை. உண்ணக்கூடாது, பால் கண்ணிலும் படக்கூடாது. ஒருமுறை கொத்தாக அறுத்து வந்த கீரையை ஆய்ந்துகொண்டிருந்தபோது என் விரல்கள் பிசுபிசுத்தன. விலக்கிப் பார்த்தால் நடுவில் நூல் போல இரண்டு இழை சித்திரப்பாலாடை. கூடையோடு கொட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தண்டாகக் கிள்ளித்தான் எடுக்கிறேன்.

பால் வராவிட்டாலும் பொறுங்கள். சாரணை என்ற செடியும் இதே போலப் படரும். அதில் எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பூ வெளிர் சிவப்பு. பருப்புக்கீரையின் பூ மஞ்சள், வெயில் ஏறும்போது சில மணி நேரம்தான் விரிந்திருக்கும். பிறகு காய் முற்றி, மூடி கழல்வது போல மேல்பாதி கழன்று, மணல் போன்ற கறுப்பு விதைகள் கொட்டும். ஒரு செடியையாவது விதை வரைக்கும் விட்டுப் பாருங்கள். அப்புறம் கண்ணே சொல்லிவிடும். செயலி காட்டுவது ஒரு துப்புதான், அதை மட்டும் நம்பி எதையும் வாயில் வைக்கக்கூடாது. பெயரையும் ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்வார்கள். அதனால் போர்ட்டுலாக்கா ஒலரேசியா என்ற தாவரப் பெயரை வைத்துத் தேடுங்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பையில் அடைத்து விற்ற பசலைக்கீரையில் ஊமத்தை கலந்து, சாப்பிட்டவர்களுக்குக் கண் மங்கி, புத்தி தடுமாறிப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். பயிரிட்ட வயலிலேயே அப்படி என்றால், தானாக முளைத்ததில் நாம் எவ்வளவு பார்க்க வேண்டும்!

எங்கே பறிப்பது என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. பூச்சிமருந்து அடிக்காத உங்கள் தொட்டி போதும். சாலையோரமும் களைக்கொல்லி தெளித்த இடமும் வேண்டவே வேண்டாம்.

சரி, சமையலுக்கு வருகிறேன். விரல் நீள நுனிகளை மட்டும் கிள்ளி, கணுக்களில் ஒட்டிய மண் போக மூன்று தண்ணீரில் அலசுங்கள். தோழி சொல்வது உண்மைதான், இலையில் இயல்பாகவே கொழகொழப்பு உண்டு, நெடுநேரம் வெந்தால் கூடும். கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்துப் பிழிந்துவிடுங்கள். சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக்கூடிய ஆக்சாலிக் அமிலம் இந்தக் கீரையில் உண்டு, அதில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும், அதை ஊற்றிவிட வேண்டும். பிறகு சூடான எண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டு, மூடாமல் இரண்டு நிமிடம் புரட்டி, இறக்கும்போது உப்பு. முதல் தடவை இரண்டு கரண்டி போதும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் புளிப்பு. தண்ணீர் குறைந்தால் அது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் கரியமில வாயுவை இழுத்து, புளிப்பான மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்து, பகல் வெளிச்சத்தில் செலவழிக்கும். அதனால் காலையில் பறித்தால் புளிக்கும், மாலையில் பறித்தால் சாதுவாக இருக்கும். எனக்குக் காலைக் கீரைதான்.

அந்த இன்னொன்றைக் கிள்ளியதும் என்ன வந்தது என்று எழுதுங்கள்.