கால்நடை மருத்துவர்களின் மன அழுத்தம்: கேள்வி பதில்

கேள்வி: கிராம மருந்தகத்தில் நான் ஒருவன்தான் டாக்டர், சார். ராத்திரி பதினோரு மணிக்கும் போன் வருகிறது. எடுக்காவிட்டால் மனசு உறுத்துகிறது, எடுத்தால் தூக்கம் போகிறது.

பதில்: எல்லா அழைப்பும் அவசரம் இல்லை, தம்பி. கன்று ஈன முடியாமல் மாடு தவிப்பது, ஈன்ற பிறகு கருப்பை வெளியே தள்ளுவது, வயிறு உப்பி மூச்சுத் திணறுவது, கன்று போட்ட மாடு பால் காய்ச்சலில் எழ முடியாமல் கிடப்பது, இவற்றுக்கு உடனே கிளம்பத்தான் வேண்டும். சாயங்காலம் பருவத்துக்கு வந்த மாட்டுக்கு மறுநாள் காலையில்தான் சினை ஊசி. அதற்கு ராத்திரி போன் தேவையில்லை. எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று பெரிய எழுத்தில் எழுதி மருந்தகத்தில் ஒட்டுங்கள். பால் சொசைட்டியிலும் ஒட்டுங்கள், பால் ஊற்ற வரும் எல்லார் கண்ணிலும் படும். 1962 எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி உங்கள் பகுதியில் எந்த நேரம் ஓடுகிறது என்று விசாரித்து அதையும் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் பக்கத்து மருந்தக டாக்டரோடு பேசி இரவுகளைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் முறை இல்லாத ராத்திரியில் அழைப்புகள் அவருக்குப் போகட்டும். மாதம் முழுக்க ஒருவரே கண் விழிக்க முடியாது. அதை உங்கள் குறையாக நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: இது வெறும் களைப்பா, பர்ன் அவுட்டா? யோகா செய்தால் சரியாகுமா?

பதில்: களைப்பு நாலு நாள் லீவில் தீரும். பர்ன் அவுட் அப்படித் தீராது. வேலையிடத்து அழுத்தம் நெடுநாள் சரிசெய்யப்படாமல் இருப்பதால் வரும் நிலை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை விளக்கியது. சக்தி வற்றிவிடும், வேலைமேல் வெறுப்பு வரும், என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றும். நம் தொழிலில் வெறுப்பு கையில் தெரியும்: தெர்மாமீட்டர் வைக்காமல், வயிற்றில் கை வைத்துப் பார்க்காமல் ஊசியை எடுப்பீர்கள். யோகா நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் வேலையால் வந்ததை வேலையை மாற்றி அமைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: நகரத்தில் பெட் கிளினிக் வைத்திருக்கிறேன். பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டியைப் பணமில்லை என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதே நாளில் ஒரு கருணைக்கொலை. மனசு ஆறவில்லை, டாக்டர்.

பதில்: ஆறாதது இயல்புதான், மா. பார்வோவுக்கு உள்நோயாளி சிகிச்சை ஒன்றுதான் வழி என்று நிறுத்தாதீர்கள். பணம் கட்ட முடியாதவர்களிடம், தினமும் கொண்டுவந்து தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வாந்தி நிற்க ஊசி போட்டுப் போகும் வழியையும் சொல்லுங்கள். உள்நோயாளி சிகிச்சைக்கு அது ஈடில்லை, ஆனாலும் பிழைக்கும் குட்டிகள் உண்டு. செலவை முதல் பத்து நிமிடத்திலேயே தாளில் எழுதிக் கொடுங்கள். பில்லைப் பார்த்துவிட்டுக் கத்துவது பாதி குறையும்.

கருணைக்கொலையை அன்றைய கடைசி வேலையாக வையுங்கள். அது முடிந்த கையோடு அடுத்த அறையில் சிரித்த முகத்தோடு தடுப்பூசி போடும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. உதவியாளர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்புங்கள். நல்ல ஆரோக்கியமான நாயைக் கொண்டுவந்து முடித்துவிடச் சொன்னால், முடியாது என்று சொல்லலாம்.

கேள்வி: என் கணவர் கால்நடை டாக்டர். யாரோடும் பேசுவதில்லை. "நான் இருந்து என்ன" என்கிறார்.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள், அம்மா. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பொதுமக்களைவிடக் கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை ஆண்களில் 2.1 மடங்கு, பெண்களில் 3.5 மடங்கு இருந்தது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று இன்றே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், நீங்களே அவருக்காக அழைக்கலாம். கிளினிக்கின் மருந்து அலமாரிச் சாவி கொஞ்ச நாளைக்குக் கூட வேலை செய்பவரிடம் இருக்கட்டும்.