பைக் சாவி தருகிறீர்கள், சான்றிதழ் ஃபைலைத் தருவதில்லை

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். அடுத்த வருஷம் சென்னையிலோ கோவையிலோ ஹாஸ்டல். காலையில் நாலு தடவை எழுப்பினால்தான் எழுந்திருக்கிறான். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைப்பதில்லை. கேட்டால் கத்துகிறான். “படிக்கிற பிள்ளையை வேலை வாங்காதே” என்கிறார் வீட்டுக்காரர். டியூஷனுக்கு அவருடைய பைக்கில்தான் போய் வருகிறான். ஒன்பதாவது படிக்கும் மகளைப் பற்றிக் கவலையில்லை, வீட்டு வேலையெல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள். இவனுக்கு எப்படிப் பொறுப்பை வரவழைப்பது?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, முதலில் அந்த பைக்கை நிறுத்துங்கள். 16 வயதில் கிடைக்கிற லைசென்ஸ் 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. கியர் வண்டிக்கு 18 முடிய வேண்டும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. உயிரே போகக்கூடிய ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, தட்டு கழுவ மட்டும் “படிக்கிற பிள்ளை” என்று விலக்குகிறீர்களே, இது எந்தக் கணக்கு?

உங்கள் மகனுக்கு இயல்பிலேயே பொறுப்பு இல்லை என்று நான் நினைக்கவில்லை. அவன் தவறினால் அவனுக்கு எதுவும் குறைவதில்லை, அவ்வளவுதான். எழுந்திருக்காவிட்டால் நீங்கள் எழுப்புவீர்கள். பணம் தீர்ந்தால் அப்பாவிடம் கேட்பான். நோட்டை மறந்தால் யாராவது பள்ளிக்கு எடுத்துப் போவீர்கள். ஒரு காரியத்தை அதன் முடிவோடும் நஷ்டத்தோடும் சேர்த்து முழுதாக ஒப்படைக்காதவரை, நீங்கள் செய்வது வேலை ஏவுவது மட்டும்தான். ஏவினால் இந்த வயதுப் பிள்ளை கத்தத்தான் செய்யும்.

பணத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு மாதம் அவனுக்காகச் செலவாவதையெல்லாம் அவனையே எழுதச் சொல்லுங்கள்: ரீசார்ஜ், முடிவெட்டு, ஜெராக்ஸ், நோட்டு, பேனா, டியூஷன் போகும் பஸ் காசு, மாலையில் சாப்பிடும் போண்டா. உதாரணமாக 1,200 ரூபாய் வருகிறது என்றால், முதல் இரண்டு மாதம் ஞாயிறுதோறும் 300 கொடுங்கள். பிறகு மாதம் முழுவதற்கும் ஒன்றாம் தேதி ஒரே தடவையாக. ஸ்கூல் ஃபீஸ், மருந்து, வீட்டுச் சாப்பாடு இதில் சேராது. 12-ஆம் தேதியே தீர்ந்துவிடும், பெரும்பாலும் முதல் மாதம் அப்படித்தான் ஆகும். இந்த ஏற்பாடு உடைவதும் அந்த இடத்தில்தான்: அப்பா கண்டிப்பாக இருப்பார், அம்மா கடுகு டப்பாவிலிருந்து நூறு ரூபாய் எடுத்து நீட்டுவார். நீட்டாதீர்கள். ரீசார்ஜ் இல்லாமல் பதினெட்டு நாள் இருந்தால் ஒன்றும் ஆகாது. மார்க் குறைந்தது என்று அந்தப் பணத்தில் பிடிக்கவும் வேண்டாம். பிடித்தால் அது சம்பள பேரமாகிவிடும், கணக்கு பழகாது.

10 வயது நிறைந்தவர்களே தங்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, வரம்புகள் வங்கிக்கு வங்கி மாறும். அவனையே வங்கிக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்லுங்கள். கூடவே இரண்டு விஷயங்கள் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யுபிஐயில் பணம் வாங்க ‘PIN’ என்ற ரகசிய எண் தேவையே இல்லை, அதைக் கேட்பவன் திருடன். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். ஏமாந்ததற்காக நீங்கள் அடிப்பீர்கள் என்ற பயம் இருந்தால் அவன் அழைக்கமாட்டான்.

அடுத்தது சான்றிதழ் ஃபைல். நம் வீடுகளில் இதை பீரோவில் பூட்டி வைத்து, கவுன்சலிங் வரும்போது அப்பா தூக்கிக்கொண்டு அலைவார். இப்போதே அதை அவனிடம் கொடுங்கள். அவன் செய்ய வேண்டிய முதல் வேலை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரிலும் சாதிச் சான்றிதழிலும் அப்படியே இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பார்ப்பது. ஒன்றில் இனிஷியல் மட்டும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருப்பது இங்கே சர்வசாதாரணம். ரிசல்ட் வந்தபின் திருத்த ஓடினால் அலைச்சலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். 15 வயதில் புதுப்பிக்க வேண்டிய ஆதார் கைரேகையைப் புதுப்பித்தாயிற்றா என்பதையும் பார்க்கட்டும். இருப்பிடச் சான்று, பொருந்துமானால் முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் அவனே விண்ணப்பிக்கட்டும். விஏஓ, ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று மனு எங்கே நிற்கிறது என்பதை அவனே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். வருமானச் சான்றுக்குக் காலாவதி உண்டு, அதைக் கடைசியில் எடுத்தால் போதும்.

கவுன்சலிங்கில் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பிரவுசிங் சென்டர்காரர் தன்னுடைய இமெயிலையும் போன் நம்பரையும் போட்டுப் பதிவு செய்துவிடுவார். கல்லூரி சாய்ஸை இறுதி செய்கிற (‘லாக்’ செய்கிற) நாளில் ஓடிபி அவருக்குப் போகும், கடை பூட்டியிருக்கும். ஆகவே பாஸ்வேர்டு அவனுக்கே தெரிந்த ஒரு இமெயில், வீட்டில் எப்போதும் இருக்கும் ஒரு நம்பர். இந்த இரண்டும் இந்த மாதமே தயாராக வேண்டும்.

எழுப்புவதை ஒரு தேதி சொல்லி நிறுத்துங்கள். “திங்கட்கிழமையிலிருந்து எழுப்பமாட்டேன்” என்று ஒரே முறை, கோபமில்லாமல். பஸ்ஸைத் தவறவிட்டால் வண்டியில் கொண்டுபோய் விடாதீர்கள். அடுத்த பஸ்ஸில் போய், வாத்தியாரிடம் காரணத்தையும் அவனே சொல்லட்டும். ஆனால் ஒரு நியாயம் அவன் பக்கமும் உண்டு. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், பருவ வயதில் உடம்புக் கடிகாரமே தள்ளிப்போவதால் இரவு சீக்கிரம் தூக்கம் வராது. ராத்திரி பன்னிரண்டு வரை போன் பார்த்தவனை ஐந்து மணிக்கு எழுப்புவது வீண். சார்ஜரெல்லாம் கூடத்தில் இருக்கட்டும், பத்து மணிக்குமேல் எல்லோர் போனும் அங்கேதான். அப்பாவுடையதும் சேர்த்துத்தான், இல்லையென்றால் இரண்டு நாள் நிற்காது.

சமையலில் நாலு ஐட்டம் போதும்: சோறு, ரசம், ஒரு பொரியல், முட்டை. குக்கரில் ஒரு பங்கு புழுங்கலரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர். ஞாயிறு இரவுச் சாப்பாடு அவன் பொறுப்பு. காய் வாங்குவதிலிருந்து பாத்திரம் கழுவி அடுப்பைத் துடைப்பது வரை. நீங்கள் அடுப்படியில் நிற்காதீர்கள், நின்றால் கரண்டி உங்கள் கைக்கு வந்துவிடும். கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்கு அழைக்க வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே செய்து காட்டிவிடுங்கள்.

பயணமும் அப்படித்தான். முதலில் காட்பாடி வரை, பிறகு ஒரு நாள் சென்னை போய்த் திரும்பட்டும். டிக்கெட்டை அவனே எடுக்க வேண்டும். 200 கிலோமீட்டருக்குள் முன்பதிவில்லாத டிக்கெட் எடுத்தால் 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் கவுண்டரில் நின்றால்தான் மனதில் தங்கும். சேர்ந்ததும் ஒரு போன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நீங்கள் அழைக்க வேண்டாம்.

இப்போது, நீங்கள் கவலையில்லை என்று எழுதிய மகள். எனக்கு அவளைப் பற்றித்தான் அதிகக் கவலை. மகனுக்கு வெளியே போகச் சுதந்திரம் இருக்கிறது, வேலை இல்லை. மகளுக்கு வேலை இருக்கிறது, அவள் கையில் காசோ முடிவோ இல்லை. 14 வயதில் வீடு பெருக்கத் தெரிந்தவள் 18 வயதில் தனியாக வங்கிக்குப் போகத் தயங்கினால், அதுவும் நம் வளர்ப்பில் உள்ள குறைதான். அண்ணனுக்குத் தருகிற அதே ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் வாரப் பணம், காட்பாடிப் பயணத்தில் அவளும். வீட்டு வேலையில் சரிபாதி அண்ணனுக்கு. “பொட்டப்புள்ள வேலை” என்று அவன் முனகினால், பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர், அதுவும் தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டு.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று போதும். தவறியதும் திரும்பப் பிடுங்கிக்கொள்வதும், பெரியப்பா பையனோடு ஒப்பிடுவதும்தான் இதைக் கெடுக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் எதிலும் ஒட்டாமல் இருந்தால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். 14416 இலவச மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். நேரில் காட்ட, வேலூர் பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது.

மார்ச்சில் பொதுத்தேர்வு. பிப்ரவரியில் சமையலையும் பயணத்தையும் நிறுத்தி வைக்கலாம். செலவுப் பணம், ஃபைல், தானே எழுந்திருப்பது மூன்றும் தேர்வு நாளிலும் அவனுடையவையே. ஹால் டிக்கெட்டை எடுத்து வைக்கிற வேலையையும் சேர்த்து.