நான்கு மூலைக் கொடிகள்

கேள்வி: உலகமயமாக்கல் எல்லாச் சமூகங்களையும் ஒரே அச்சில் வார்த்துவிடும் என்கிறார் எங்கள் பேராசிரியர். உங்களுக்கு உடன்பாடா?

பதில்: அச்சு ஒன்றாகிவருகிறது என்றால் ஒப்புக்கொள்கிறேன். வார்த்து எடுத்ததும் ஒன்றுதானா என்பதில்தான் அவருக்கும் எனக்கும் வழக்கு.

1956-ல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 கண்டெய்னர்களைக் கப்பலேற்றி அனுப்பினார். இன்று எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அதே 20 அடி, 40 அடிப் பெட்டிகள். மனிதர்களை அடுக்குவது அவ்வளவு சுலபமில்லை.

ஒருமுறை சிறுவர் பக்கத்துக்காக உலக நாடுகளின் கொடிகளைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பாதியிலேயே கண் பூத்துவிட்டது. சாட், ருமேனியா இரண்டுக்கும் நீலம், மஞ்சள், சிவப்பு என்று அதே மூன்று பட்டைகள். நீலத்தின் அடர்த்தியைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இந்தோனேசியா, மொனாக்கோ இரண்டிலும் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. வேறுபாடு நீள அகல விகிதத்தில் மட்டும். ஓவியர் இரண்டையும் ஒரே அளவில் வரைந்துவிட்டார், அப்படியே அச்சாகியும் விட்டது. (அப்புறம் வந்த கடிதங்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.) நேபாளத்தைத் தவிர மற்ற எல்லா நாடுகளின் கொடிக்கும் நான்கே மூலை.

'நாங்கள் யாரைப்போலவும் இல்லை' என்று அறிவிக்கக்கூட எல்லோருக்கும் அதே துணி, அதே கம்பம், எழுந்து நின்று பாட ஒரு பாட்டு! 1945-ல் 51 நாடுகளுடன் தொடங்கிய ஐ.நா.வில் இப்போது 193 நாடுகள். காலனிகள் விடுதலை பெற்றது பெரிய காரணம். ஆனால் விடுதலை பெற்றவர்கள் கையோடு தங்களுக்கென்று ஒரு கொடியையும் தைத்துக்கொண்டார்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவிலோ 211 உறுப்பினர்கள். ஐ.நா.வில் தனி இடமில்லாத ஸ்காட்லாந்தும் வேல்ஸும் அங்கே தனித்தனி அணி. விதி ஒன்று, பந்து ஒன்று. அதை வைத்துக்கொண்டுதான் 'அவன் வேறு, நான் வேறு' என்று மல்லுக்கு நிற்கிறார்கள்.

மொழி விஷயத்தில் மட்டும் பேராசிரியருக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஏறத்தாழ 7,000 மொழிகளில் பல, கிழவர்களோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கின்றன. அங்கே என் கொடிக் கதை எடுபடாது.

கேள்வி (அதே வாசகர்): ஊரோடு ஒத்துப்போன ஒரு சமூகம் பிறகு தன் வழக்கத்துக்கே திரும்பியதுண்டா?

பதில்: உண்டு. ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னால் சொல்பவர்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் மேற்கத்தியருக்காக அதை மெய்ஜி பேரரசர் காலத்திலிருந்து (1868-1912) பின்னால் தள்ளிவந்தார்கள். 2020 ஜனவரி முதல் அரசு ஆவணங்களில் ஆங்கிலத்திலும் அது முன்னால் வந்துவிட்டது. இணையப் படிவங்கள்தான் இன்னும் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டங்களை நீட்டுகின்றன. முதலில் வருவதைக் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டிய தலைவலி ஹங்கேரியர்களுக்கும் உண்டு.