நடுவில் பணம் கட்டினால் ஆட்டோ டெபிட் குறையுமா?

கேள்வி: தோவாளையில் பூ வியாபாரம் செய்கிறேன். கிரெடிட் கார்டு பில் மாதாமாதம் 5-ம் தேதி வரும், கட்டக் கடைசி நாள் 25. வேறொரு பேங்கில் இருக்கிற என் சேவிங்ஸ் கணக்கிலிருந்து முழு பில்லும் ஆட்டோ டெபிட்டில் போகும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓணத்துக்குக் கேரளா போன சரக்குக்குப் பணம் வந்தது. கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று 23-ம் தேதியே 20,000 ரூபாயைக் கார்டில் கட்டினேன். பில் 38,400 ரூபாய், மீதி 18,400 மட்டும் எடுப்பார்கள் என்றுதான் இருந்தேன். 25-ம் தேதி 38,400-ஐயும் எடுத்துவிட்டார்கள். கணக்கில் பணம் இல்லாமல் 28-ம் தேதி பைக் லோன் தவணை பவுன்ஸ் ஆகி, லோன் கொடுத்தவர்களும் அபராதம் போட்டார்கள், பேங்கும் போட்டது. கட்டின பணத்தை மறுபடி எடுப்பது என்ன நியாயம்?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது அண்ணாச்சி. ஆனால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை, ஆட்டோ டெபிட் ஓடுகிற விதமே இப்படித்தான், இதைக் கார்டு கொடுக்கும்போதே ஒருத்தரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கார்டு ஒரு பேங்க், சேவிங்ஸ் இன்னொரு பேங்க் என்றால் பணம் பெரும்பாலும் 'நாச்' என்ற முறையில் போகும். கார்டு பேங்க் 25-ம் தேதி காலையில் உங்கள் பாக்கி எவ்வளவு என்று பார்த்துவிட்டு எடுப்பதில்லை. யார் யாரிடம் எவ்வளவு வாங்க வேண்டும் என்று பில்லை வைத்து ஒரு பட்டியல் தயார் செய்து, அதைக் கடைசி நாளுக்கு முன்பே அனுப்பிவிடும். பட்டியல் போனபிறகு நீங்கள் கட்டுவது கார்டில் வரவாகும், ஆனால் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கிற 38,400 அப்படியேதான் இருக்கும். பூ மூட்டை வண்டி ஏறிப் போனபிறகு கடையில் இருக்கிற துண்டுச் சீட்டில் எடையைத் திருத்துகிற மாதிரிதான் அது.

அதனால் எவ்வளவு கட்டினோம் என்பதைவிட எந்தத் தேதியில் கட்டினோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்களைப் போல வரவு ஒரே சீராக இல்லாதவர்கள், பூவோ ரப்பரோ மீனோ, பணம் வந்த கையோடு கார்டில் கட்டுவது நல்ல பழக்கம், அதை விடவேண்டாம். பில் போடும் 5-ம் தேதிக்கு முன்னால் கட்டுங்கள், அவ்வளவுதான். பழைய பாக்கி எதுவும் இல்லை, இந்த மாதம் 38,400 ரூபாய்க்குச் செலவு செய்திருக்கிறீர்கள் என்றால், 2-ம் தேதி 20,000 கட்டிவிட்டால் 5-ம் தேதி வருகிற பில்லே 18,400-க்குத்தான் வரும், ஆட்டோ டெபிட்டும் அதைத்தான் எடுக்கும். ஆனால் 4-ம் தேதி ராத்திரி வரை காத்திருக்காதீர்கள், சில ஆப்களில் கட்டினால் கார்டில் வரவாக ஒன்றிரண்டு நாள் ஆகும், பேங்க் அந்த வரவான தேதியைத்தான் பார்க்கும்.

சரி, பில் வந்தபிறகுதான் பணம் வருகிறது, அப்போது கட்டினால்? அது பேங்குக்குப் பேங்க் மாறும். கார்டும் சேவிங்ஸும் ஒரே பேங்கில் இருந்தால், அன்றைக்கு என்ன பாக்கியோ அதை மட்டும் எடுப்பதற்கு வாய்ப்பு அதிகம். வேறு பேங்க் என்றால் பட்டியல் போகும் தேதிக்கு முன்னால் கட்டினால் குறையலாம், கடைசி இரண்டு மூன்று நாளில் கட்டினால் குறையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் கேரில் இப்படியே கேளுங்கள்: "பில் வந்தபிறகு நான் பாதி கட்டினால் ஆட்டோ டெபிட் மீதிக்கு வருமா, முழுசுக்கு வருமா? எந்தத் தேதிக்குள் கட்டினால் குறையும்?" பதிலை இமெயிலில் வாங்கி வையுங்கள், போனில் ஒருவர் ஒன்று சொல்வார், அடுத்தவர் வேறு சொல்வார். தெளிவான பதில் வராதவரை, நடுவில் என்ன கட்டியிருந்தாலும் முழு பில் தொகை சேவிங்ஸில் கிடக்கட்டும், டெபிட் ஆகி மெசேஜ் வந்தபிறகு தொடுங்கள்.

உங்களுடையதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பலர் விவரம் தெரியாமல் ஆட்டோ டெபிட்டை மினிமம் தொகைக்கு, அதாவது குறைந்தது இவ்வளவாவது கட்டுங்கள் என்று பில்லில் இருக்கிற சிறு தொகைக்கு, போட்டிருப்பார்கள். அப்படிப்பட்டவர் நடுவில் 20,000 கட்டினால், மினிமம் தொகைக்கு மேலேயே வந்துவிட்டது என்று சில பேங்குகளில் அந்த மாதம் ஒன்றுமே எடுக்க மாட்டார்கள். இவரோ மீதி 18,400 தானாகப் போய்விடும் என்று நிம்மதியாக இருப்பார். அடுத்த பில்லில்தான் தெரியும். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 18,400-க்கு ஒரு மாதத்துக்கே 644 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 760. அதோடு நிற்காது. பில் முழுதாகக் கட்டவில்லை என்றால் வட்டியில்லாத நாட்கள் மொத்தமாகப் போய்விடும், சாமான் வாங்கின தேதியிலிருந்தே வட்டி போடுவார்கள், அப்புறம் புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இன்றைக்கே ஆப்பைத் திறந்து உங்கள் ஆட்டோ டெபிட் முழுத் தொகைக்கா மினிமத்துக்கா என்று பாருங்கள்.

உங்கள் 20,000 எங்கும் போகவில்லை. கார்டில் அதிக வரவாக நிற்கும், அடுத்து வாங்குகிற சாமானுக்குக் கழியும், அதற்கு வட்டி எதுவும் கிடைக்காது. பணமாக வேண்டும் என்றால் சேவிங்ஸுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிக் கேளுங்கள். பைக் தவணையை முதலில் கட்டிவிடுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். கோபத்தில் ஆட்டோ டெபிட்டை ரத்து செய்துவிடவும் வேண்டாம், வியாபார மும்முரத்தில் ஒரு மாதம் மறந்தால் அது இன்னும் பெரிய செலவு. இன்னொன்று, 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் ஓடுகிறது. 'ஞாயிறுதானே, கோயிலுக்குப் போய்விட்டு வந்து திங்கட்கிழமை பணம் போடலாம்' என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது.

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே கார்டுக்கு 'டைரக்ட் டெபிட்' போட்டிருக்கிறாள். ஓவர்டைம் பணம் வரும்போது கூடுதலாகக் கட்டுகிறாள். அப்படிக் கட்டினால் அந்த மாத டைரக்ட் டெபிட் நின்றுவிடுமா?

பதில்: தானாக நின்றுவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள் அம்மா. அங்கே 'பேக்ஸ்' என்ற அமைப்பு வழியாகப் பணம் எடுக்கிறார்கள், ஒரு வசூல் முடிய மூன்று வேலை நாள் பிடிக்கும், அதனால் எடுக்கும் நாளுக்கு முன்பே தொகை முடிவாகிவிடும். நடுவில் கட்டினதைக் கழிப்பதா வேண்டாமா என்பது கார்டு கம்பெனியைப் பொறுத்தது. கழிக்கிறவர்களும் உண்டு, பில்லில் உள்ளதை அப்படியே எடுக்கிறவர்களும் உண்டு. அவளும் பில் போடுவதற்கு முன்னால் கட்டிவிட்டால் குழப்பமே இல்லை. நம் ஊர் போல இல்லாமல் அங்கே சனி, ஞாயிறு, பேங்க் விடுமுறையில் வசூல் கிடையாது, அடுத்த வேலை நாளில்தான் எடுப்பார்கள், அதுவரை பணத்தை விட்டுவைக்க வேண்டும். அங்கே ஒரு நல்ல பாதுகாப்பும் இருக்கிறது: டைரக்ட் டெபிட் கேரண்டி. தொகையோ தேதியோ தவறாகப் போய்விட்டால் அவளுடைய பேங்கே உடனடியாக முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். ஆனால் பில்லில் இருந்த சரியான தொகையை எடுத்தால் அது தவறு ஆகாது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கின 6,000 ரூபாய் மிக்ஸியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பணம் கார்டில் வந்துவிட்டது, ஆனால் பில் வந்தபிறகு வந்தது. ஆட்டோ டெபிட் அந்த 6,000-ஐயும் சேர்த்து எடுக்குமா? (குலசேகரம் வாசகி)

பதில்: ரிசர்வ் பேங்க் 2022-ல் கொண்டுவந்த கார்டு விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. கடைசி நாளுக்கு முன்னால், நீங்கள் பில் கட்டுவதற்குள் வந்த ரீஃபண்டை, கட்ட வேண்டிய தொகையில் உடனே கழித்து உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். நீங்கள் பில் கட்டிய பிறகு வந்த ரீஃபண்ட் என்றால், 5,000 ரூபாய் அல்லது கார்டு லிமிட்டில் 1 சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் போனால், கார்டிலேயே வைத்துக்கொள்ள உங்கள் சம்மதம் கேட்க வேண்டும், 7 நாளில் நீங்கள் பதில் சொல்லாவிட்டால் உங்கள் பேங்க் கணக்குக்கே அனுப்ப வேண்டும். ஆனாலும் கடைசி நாள் நெருக்கத்தில் வந்த ரீஃபண்ட் என்றால் முழுத் தொகையையும் கணக்கில் வைத்திருங்கள். கூடுதலாக எடுத்துவிட்டால் முதலில் பேங்கில் எழுத்தில் புகார் கொடுத்து நம்பர் வாங்குங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் பேங்குகள் மீதான புகார்களை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. எப்படி எழுதுவது என்று கேட்க 14448-க்குப் போன் செய்யுங்கள்.