விளிம்பில் முடியும் வாக்கியம்

அன்புள்ள ஐயா,

லண்டன் பழம்பொருள் கடையொன்றில் 1787ஆம் ஆண்டுச் செப்புக் காசு ஒன்று வாங்கினேன். ஓக் இலை வளையத்துக்குள் முக்காடிட்ட தாடிக்கார முதியவரின் தலை இருக்கிறது. மன்னர் உருவம் இல்லை. நண்பர் இதைக் கள்ளக்காசு என்கிறார். இது சேகரிக்கத் தக்கதுதானா? புளியிட்டுத் துலக்கலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நீங்கள் விவரிப்பது வேல்ஸின் ஆங்கிள்சித் தீவிலிருந்த பாரிஸ் (Parys) மலைச் சுரங்க நிறுவனத்தின் பென்னி டோக்கன், அதாவது அரசு அல்லாமல் தனியார் வெளியிட்ட மாற்றுக் காசு. முதியவர் ட்ரூயிட் என்னும் பழங்காலப் பூசாரி. அரச நாணயச்சாலை 1775க்குப் பின் பல ஆண்டுகள் செப்புக் காசு அடிக்காமல் இருந்துவிட்டதால், புழக்கத்தில் கள்ளக்காசுகளே மலிந்திருந்தன. ஆலைகளும் சுரங்கங்களும் பெருகிய அக்காலத்தில் கூலி கொடுக்கச் சில்லறை கிடைக்கவில்லை. செம்பைத் தானே வெட்டியெடுத்த இந்நிறுவனம் ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் எடையில் நல்ல காசை அடித்து வெளியிட்டது. ஆகவே இது கள்ளக்காசு அன்று. கள்ளக்காசுக்கு மாற்றாக வந்தது.

காசின் மறுபக்கத்தைப் பாருங்கள். கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவதாக உறுதியளிக்கும் வாசகம் அங்கே தொடங்குகிறது. கேட்டவுடன் லண்டன், லிவர்பூல் அல்லது ஆங்கிள்சியில் தரப்படும் என்று அது விளிம்பில் முடிகிறது. எங்கே, யார் பணம் தருவார் என்று சொல்லும் அந்த விளிம்பே டோக்கனின் உயிர் என்பேன். அதே ஆண்டில் இரும்பு ஆலை அதிபர் ஜான் வில்கின்சன், மன்னருக்குரிய இடத்தில் தம் முகத்தையே பொறித்து வெளியிட்ட காசின் விளிம்பிலும் அவருடைய ஆலைகள் இருந்த ஊர்களின் பெயர்கள் உண்டு.

1790களில் சேகரிப்போர் பெருகியதும், தொடர்பில்லாத இரண்டு அச்சுகளை இணைத்து அவர்களுக்கென்றே காசு அடித்து விற்றார்கள். அவை அரியவை, விலையும் மிகுதி. ஆயினும் யாருக்கும் கூலியாகச் சென்று சேராத அவற்றைவிட, பல கைகள் பட்டுத் தேய்ந்த உங்கள் பென்னியையே நான் உயர்வாக மதிக்கிறேன். 1797இல் மேத்யூ போல்டன் பர்மிங்காமில் நீராவிப் பொறியால் அரசுக்காகக் கனத்த பென்னிகளை அடித்துத் தந்தபின் இவற்றின் தேவை குறைந்தது.

புளி வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அமிலம், இருநூறு ஆண்டுகளாகச் செம்பின் மேல் படிந்த பழுப்புப் படலத்தை அரித்துவிடும். அதை மீண்டும் உண்டாக்க முடியாது. தூசியிருந்தால் மென்மையான துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் படாத உறையில் வையுங்கள். எடுக்கும்போதெல்லாம் விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.