கேட்பவரும் தண்டிப்பவரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தமிழகத்தின் தென்மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு உதவிபெறும் கத்தோலிக்க மகளிர் கல்லூரியில் பதினெட்டு ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, அருட்சகோதரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். என் பெயரையும் கல்லூரியின் பெயரையும் வெளியிட வேண்டாம்.

சென்ற பருவத்தில், விடுதியில் தங்கியிருந்த இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, கல்லூரியின் உளவள ஆலோசகரான அருட்சகோதரியிடம், தான் ஒருவரை விரும்புவதையும் வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும் என்ற அச்சத்தில் உறக்கமின்றித் தவிப்பதையும் சொல்லியிருக்கிறாள். அந்த ஆலோசகரே விடுதியின் ஒழுங்குக் குழுவிலும் உறுப்பினர். செய்தி விடுதிக் காப்பாளருக்குப் போயிற்று. மறுவாரம் பெற்றோர் வரவழைக்கப்பட்டனர். பெட்டியோடு அவளை அழைத்துச் சென்றார்கள். இன்றுவரை அவள் வகுப்புக்குத் திரும்பவில்லை.

ஆசிரியர் கூட்டத்தில் இதைக் கேட்டேன். "நாமெல்லாம் ஒரு குடும்பம், குடும்பத்துக்குள் என்ன இரகசியம்? நம்மை நம்பித்தானே பெற்றோர் அனுப்புகிறார்கள்?" என்றார்கள். சிறுபான்மை நிறுவனம் என்பதால் நம் மதிப்பீடுகளின்படி நடத்த நமக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார்கள். சகோதரிகளின் உழைப்பை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் என்னால் எளிதில் கோபப்பட முடியவில்லை. உரிமை, தனியுரிமை என்று பேசத் தொடங்கினால் இங்குள்ள ஒட்டுறவு அறுந்து எல்லாமே வழக்காகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு பேராசிரியை

*

அன்புள்ள பேராசிரியருக்கு,

கூட்டத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு காரணங்களில் சட்டம் சார்ந்ததை முதலில் முடித்துவிடலாம். அதில் பேச அதிகமில்லை.

அரசியலமைப்பின் 30(1) பிரிவு, சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. அது பெரிய உரிமைதான். 1974-இல் அகமதாபாத் புனித சேவியர் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை உறுதியாகக் காத்து நின்றது. ஆனால் நிர்வகிக்கும் உரிமை என்பது கேடாக நிர்வகிக்கும் உரிமையாகாது என்று 1958-இலேயே, கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாரை முதல்வராக அமர்த்துவது, நிர்வாகக் குழுவில் யார் இருப்பது போன்றவற்றில் அரசின் தலையீட்டைத் தடுப்பதற்காக எழுந்த பிரிவு அது. மாணவியின் அகவாழ்வை நிர்வகிக்கும் அதிகாரத்தை அதிலிருந்து யாரும் பெற முடியாது. உதவிபெறும் நிறுவனத்தில் மாணவியின் சம்மதமின்றி, அவள் சிறுமியானால் பாதுகாவலரின் சம்மதமின்றி, வழிபாட்டுக்கோ சமயப் போதனைக்கோ அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 28(3) பிரிவு விதிப்பதையும் சேர்த்துப் படித்தால், சமய நிறுவனத்தின் உரிமை மாணவியின் மனச்சான்று தொடங்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதே அரசியலமைப்பை எழுதியவர்களின் எண்ணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அது விடுதி அறைக்குள்ளும் வருமா என்ற கேள்விக்குப் பக்கத்து மாநிலத்தில் விடை கிடைத்திருக்கிறது. கோழிக்கோடு மாவட்டத்தின் உதவிபெறும் கல்லூரி ஒன்றில் மாலை ஆறு முதல் பத்து மணிவரை கைபேசி கூடாது என்ற விடுதி விதியை ஏற்க மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வியுரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில், திருச்சூர்க் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதி வழக்கில், நிர்வாகம் தன் ஒழுக்கத் தேர்வுகளை விடுதி மாணவிகள்மீது திணிக்க முடியாது என்று அதே நீதிமன்றம் கூறியது. இவை கத்தோலிக்கக் கல்லூரிகள் பற்றிய வழக்குகள் அல்ல. கேரளத் தீர்ப்புகள் தமிழகத்தைக் கட்டுப்படுத்துவனவும் அல்ல. ஆயினும் இதே கேள்வி சென்னையிலோ மதுரையிலோ எழுந்தால் முதலில் எடுத்துக்காட்டப்படுபவை இவையாகவே இருக்கும். பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர்களுக்கு மட்டும் பாரபட்சமான விடுதி விதிகளை வகுக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குமுறையும் சொல்கிறது.

இனி, குடும்பம் என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்களை வாயடைக்கச் செய்தது இந்தச் சொல்தான் என்று நினைக்கிறேன்.

என் அக்காள் ஒரு கன்னியர் விடுதியில் தங்கிப் படித்தவள். அப்போதெல்லாம் வீட்டிலிருந்து போகும் உள்நாட்டுக் கடிதத்தைக் காப்பாளரான சகோதரி பிரித்துப் படித்த பிறகே மாணவியிடம் தருவார். அம்மாவுக்கு இது தெரியும். ஆகவே ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் "இதைப் படிக்கும் சிஸ்டருக்கு என் வணக்கம்" என்று ஒரு வரி எழுதுவாள். அதில் கேலி இல்லை, உண்மையான மரியாதைதான் இருந்தது. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் அப்பாவின் கடன், பாட்டியின் நோய், பெண் பார்க்க வந்தவர்களின் பேரம் எதுவுமே அக்காளுக்கு எழுதப்படவில்லை. கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. வீட்டுச் செய்தி எதுவும் அவளுக்குத் தெரியாது. பிறர் படிக்கும் கடிதத்தில் மனிதர்கள் என்ன எழுதுவார்களோ அதைத்தான் அம்மாவும் எழுதினாள்.

கல்லூரி ஒருநாளும் குடும்பமாகாது என்று நான் சொல்லவில்லை. திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரி 1923-இல் தொடங்கியபோதும், சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் 1947-இல் தொடங்கியபோதும், மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர் துறவியர் இருக்கிறார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் சம்மதித்தனர். அந்த மதில் பெண்களைப் பூட்டி வைத்தது என்பார்கள். அது இருந்ததால்தான் பலர் வீட்டைவிட்டு வெளியே வரவே முடிந்தது என்பதையும் மறக்கலாகாது. ஆனால் தாய் மகளின் மனத்தை அறிந்துகொண்டால் அவளை வீட்டிலிருந்து நீக்கும் கடிதம் எழுதுவதில்லை. கல்லூரி எழுதும். வருகைப் பதிவேடும், நன்னடத்தைச் சான்றிதழும், விடுதி இடமும் அதன் கையில் இருக்கின்றன. இவ்வளவு அதிகாரம் கொண்ட ஒருவர் "என்னிடம் எல்லாவற்றையும் சொல்" என்று கேட்கும்போது, கேட்கப்படுபவளுக்கு அது அன்பாகவும் விசாரணையாகவும் ஒருசேர ஒலிக்கும். எது எப்போது என்று அவளால் பிரித்தறிய முடியாது.

இந்த ஆபத்தை மற்ற எவரையும்விட முன்பே உணர்ந்திருந்தது கத்தோலிக்கத் திருச்சபைதான். உங்கள் சக ஆசிரியர்களிடம் தீர்ப்புகளை நீட்டுவதற்கு முன் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பைத் திறந்து காட்டுங்கள். ஒருவரின் நற்பெயரை முறையின்றிக் கெடுக்கவோ, தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் அவரது உரிமையை மீறவோ யாருக்கும் அனுமதியில்லை என்கிறது அதன் 220-ஆம் விதி. 983-ஆம் விதி, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியம் மீறவொண்ணாதது என்கிறது. அதை எல்லாரும் அறிவார்கள். அதற்கு அடுத்த விதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. அதிகாரத்தில் அமர்த்தப்பட்டவர், ஒப்புரவில் தாம் எப்போதோ அறிந்த பாவங்களைப் பற்றிய அறிவை வெளி நிர்வாகத்துக்கு எவ்வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்கிறது 984. செய்தியை வாய்திறந்து சொல்வது மட்டுமல்ல, தெரிந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு நிர்வாக முடிவெடுப்பதும் தவறு என்பது இதன் பொருள். மேலும், குருமடத்தில் ஒரு மாணவரைக் குருப்பட்டத்துக்கு ஏற்பதா, வெளியேற்றுவதா என்று முடிவெடுக்கும்போது அவருடைய ஆன்ம வழிகாட்டியின் கருத்தையோ ஒப்புரவு கேட்கும் குருவின் கருத்தையோ ஒருபோதும் கேட்கலாகாது என்று 240-ஆம் விதி தடுக்கிறது. துறவற சபைகளின் தலைவர்கள் தம் உறுப்பினர்களை மனச்சான்றை வெளிப்படுத்துமாறு எவ்வகையிலும் தூண்டக் கூடாது என்கிறது 630.

உங்கள் கல்லூரியின் ஆலோசகர் ஒப்புரவு கேட்கும் குரு அல்லர். இவ்விதிகள் அவரை நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன என்று நான் வாதிடவில்லை. ஆனால் இவற்றின் உள்ளே ஓடும் அறிவு ஒன்றே: உள்ளத்தைக் கேட்பவர் வேறு, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பவர் வேறாக இருக்க வேண்டும். உங்கள் விடுதியில் இரண்டும் ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கின்றன. தன் சபையில் தான் எந்தப் பாதுகாப்போடு வாழ்கிறாரோ, அந்தப் பாதுகாப்பைத் தன்னிடம் அழுதுகொண்டு வந்த பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குத் தர அந்தச் சகோதரிக்குத் தோன்றவில்லை. இதைத் தீய எண்ணம் என்று நான் கருதவில்லை. அவருக்குத் தரப்பட்ட இரு பொறுப்புகளும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. ஒருவரை அமர்த்தினால் போதும் என்று நினைத்தவர்களுக்கே இதில் பெரும்பங்கு உண்டு. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியான ஆலோசகர் ஒருவரையாவது கொண்டிருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்த பிறகு, கணக்குக் காட்டுவதற்கென்றே ஆலோசகர் பலகைகள் கல்லூரிகளில் முளைக்கும். பலகைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் வேறு எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்று கேட்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள்.

எல்லா இரகசியத்தையும் காத்தே ஆக வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். உங்கள் முதலாமாண்டு மாணவிகளில் பலருக்குப் பதினேழு வயதுதான் இருக்கும். பதினெட்டு நிறையாத பெண் பாலியல் வன்முறைக்கு உள்ளானதை அறிந்தவர் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் விதிக்கும் கடமை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் சும்மா இருக்க முடியாது. மனநலத் துறையினரை இரகசியம் காக்கக் கட்டாயப்படுத்தும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே உயிராபத்தை விதிவிலக்காக வைத்திருக்கிறது. இத்தகைய விலக்குகளை ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே, மாணவி வாய்திறப்பதற்கு முன்பே, சொல்லிவிட வேண்டும். அப்போதும்கூட, யாரிடம் சொல்வது என்ற கேள்வி தனியாக நிற்கிறது. தெரிவிப்பது என்றாலே தந்தைக்குத் தொலைபேசி எடுப்பது என்று நம் விடுதிகளில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மகளின் விருப்பம் சாதி தாண்டியதாக இருந்தால் அந்தத் தொலைபேசி அழைப்பு எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதை, 2016-இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் நடந்த கொலையைப் பார்த்த நாட்டில், எந்தக் காப்பாளரும் அறியாமல் இருக்க முடியாது. உங்கள் மாணவி சொன்னதிலோ உயிராபத்து எதுவும் இல்லை. அவள் பயந்தது வீட்டாருக்குத் தெரிந்துவிடுமே என்பதற்குத்தான். கல்லூரி அந்தப் பயத்தையே நிறைவேற்றி வைத்தது.

பெற்றோரின் நம்பிக்கை பற்றி ஒரு சொல். பதினெட்டு வயதில் அவள் வாக்களிக்கிறாள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறாள். அமெரிக்காவில் 1974 முதல் நடைமுறையில் உள்ள கூட்டாட்சிச் சட்டம், மாணவர் கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து அவருக்கு மாறிவிடுவதாகச் சொல்கிறது. அங்குள்ள நம்மவர்கள் கட்டணம் கட்டியும் மதிப்பெண் கேட்டால் கிடைக்கவில்லை என்று புலம்புவது அதனால்தான். நமக்கு அப்படியொரு சட்டம் இல்லை. இங்கே கட்டணம் கட்டுபவருக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது, மதிப்பெண்ணையும் வருகையையும் பொறுத்தவரை அதில் எனக்குப் பெரிய மறுப்பும் இல்லை. ஆனால் எதைச் சொல்வோம், எதைச் சொல்லமாட்டோம் என்பதைச் சேர்க்கையின் போதே, மாணவியையும் எதிரில் அமர்த்திக்கொண்டு, பெற்றோரிடம் கல்லூரி சொல்லிவிடலாம். சொல்ல மறுக்கும் துணிச்சல் கல்லூரிக்கு இருந்தால் பெற்றோர் திகைப்பார்கள், சிலர் வேறு கல்லூரிக்குப் போவார்கள். நிர்வாகம் உண்மையில் அஞ்சுவது இதற்குத்தான் என்பது என் ஐயம்.

எல்லாம் வழக்காகிவிடுமோ என்று கேட்டீர்கள். மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி உங்கள் கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழுவும், அதற்குமேல் பல்கலைக்கழக அளவில் ஒரு குறைதீர்ப்பாளரும் இருக்க வேண்டும். இது நீதிமன்றத்துக்கு முன்னதான வாசல். அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார் என்று உங்கள் மாணவிகளில் ஒருத்திக்காவது தெரியுமா என்று விசாரியுங்கள். ஆனால் நீங்கள் உடனே செய்யக்கூடியது சிறியது: ஆலோசகரை ஒழுங்குக் குழுவிலிருந்து விடுவிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மேலே சொன்ன திருச்சபை விதிகளை எண்களோடு குறிப்பிட்டு, சபைத் தலைவிக்கும் ஒரு படி அனுப்புங்கள். உரிமை என்ற சொல்லே அக்கடிதத்தில் வர வேண்டியதில்லை.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணின் மாற்றுச் சான்றிதழை அவள் வீட்டார் வாங்கிச் சென்றுவிட்டார்களா? இன்னும் அலுவலகத்திலேயே இருக்குமானால் அவள் உங்கள் கல்லூரியின் மாணவிதான். விட்ட பருவத்துக்கு மறுசேர்க்கை கோர வழியிருக்கும். வகுப்பாசிரியராக நீங்களோ, அவள் மதிக்கும் வேறொருவரோ, தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் என்ற ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வரலாம். அங்கே போனால் தேர்வைப் பற்றி மட்டும் பேசுங்கள்.